‘அந்த நாள்’: இறந்தவன் ஏற்ற வேடங்கள்

எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’, பாடலில்லாத் தமிழ்ப்படம் என்றே பெரிதும் பேசப்படுகிறது. அதனினும் ஆராயத்தக்கது சிவாஜி கணேசனின் நடிப்பு. வானொலிப் பொறியாளன் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். பின்னர் அவன் வாழ்வது பிறர் வாக்குமூலங்களில் மட்டுமே. மனைவி, உடன்பிறந்தவன், காதலி என ஒவ்வொருவர் நினைவுக்கும் சற்றே வேறுபட்ட ராஜனை அவர் நடித்தாக வேண்டும். ‘ரஷோமோன்’ ஒப்பீடு இந்நுட்பத்தை விளக்கப் போதாது. தன் ஆய்வைத் தாய்நாடு மதிக்கவில்லை என்னும் மனக்குறையே ராஜனை ஜப்பானியரின் உளவாளியாக்குகிறது. வில்லத்தனம் பூசாமல், தன் நியாயத்தை முழுமையாக நம்புபவனாகவே சிவாஜி அவனைக் காட்டுகிறார். ஆகவே அத்துரோகியை எளிதில் வெறுக்க இயலவில்லை. பண்டரிபாய் ஏற்ற உஷாவின் கைத்துப்பாக்கியும் அந்தத் தடுமாற்றத்தினிடையேதான் வெடிக்கிறது.