மூன்றாவது வரியின் தீர்ப்பு

'தன்னைப் பார்த்தல்' என்ற பொருளில் வாசகர்கள் அனுப்பிய ஹைக்கூக்களை மொத்தமாக வாசித்தேன். பாதிக்கு மேல் கண்ணாடி. மிச்சத்தில் நிழல். முதல் இரண்டு வரி காட்சி, மூன்றாவது வரி தீர்ப்பு:

முகம் கழுவினேன்
கண்ணாடி கழுவவில்லை
அழுக்கு யாருடையது?

என்கிற மாதிரி. கைதட்டல் நிச்சயம். ஆனால் இந்த 'நான்' தானே குற்றவாளி, தானே நீதிபதி. விடுதலையும் அங்கேயே கிடைச்சிடுது.

ஹைக்கூன்னாலே தனிமைதானே என்பார்கள். இல்லை. பலர் கூடிப் பாடும் தொடர்கவிதையின் முதல் கண்ணியாக இருந்தது அது; 1890களில் மஸாஒகா ஷிகிதான் தனியே பிரித்து ஹைக்கூ என்று நிறுத்தினார். அப்புறமும் கூட்டம் கலையவில்லை. 'குகாய்' என்னும் கூடுகையில் பெயர் போடாமல் கவிதை கொடுப்பார்கள். கையெழுத்து தெரியாதபடி வேறொருவர் படியெடுப்பார். மற்றவர்கள் தேர்ந்தெடுத்த பிறகே எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். தன்னிலை பிறரது வாசிப்பைக் கடந்துதான் அங்கே வெளிப்படுகிறது.

பிறரிடம் வரும் சுயம் என்றால் அதிகாரத்துக்குச் சங்கடம். கியோட்டோ பல்கலைக்கழக ஹைக்கூ இதழைச் சேர்ந்த கவிஞர்கள் 1940இல் கைதானார்கள். அது போர்க்காலம் என்று தள்ள வேண்டாம். ஸைதாமா நகரில் ஒரு ஹைக்கூ குழு மாதந்தோறும் தேர்ந்தெடுக்கும் கவிதை, அங்குள்ள பொதுமக்கள் மன்றத்தின் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. 2014இல் தேர்வான கவிதை, போரைத் துறக்கும் 9ஆம் ஷரத்தைக் காக்கக் கோரிய பெண்கள் ஊர்வலத்தைப் பற்றியது. நடுநிலை கெட்டுவிடும் என்று மன்றம் அதைப் போட மறுத்தது. எழுதிய முதிய பெண்மணி வழக்குப் போட்டார். மறுத்தது தவறென்ற தீர்ப்பு 2018இல் உறுதியாகி, 2019இல் கவிதை அச்சேறியது. கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்தால் யார் மறுத்திருக்கப் போகிறார்கள்?

அதனால் எல்லாரும் ஊர்வலம் எழுதுங்கள் என்று சொல்ல வரவில்லை. இதே குவியலில் பெயரில்லாமல் ஒன்று இருக்கிறது:

தண்ணீர் கேட்டவர்
கைகளைக் குவிக்கிறார்
சொம்பு என் கையில்

சாதி என்ற சொல் இல்லை. தம்ளர் ஏன் வரவில்லை என்று கவிதை விளக்காது, நமக்குத் தெரியும். சொம்பு இன்னும் சாயவில்லை, கைமாறவும் இல்லை. மூன்றாவது வரி இங்கே தீர்ப்பு வழங்கவில்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. கண்ணாடிக் கவிதைகள் செய்யாத சுயவிசாரணையை இது செய்கிறது.

ஆனாலும் இதுவும் சொம்பு வைத்திருப்பவரின் கவிதைதான். அவருடைய குற்றவுணர்வு அழகாகப் பதிவாகிவிட்டது. கேட்டவருக்குத் தாகம் தீர்ந்ததா, தெரியாது. குவித்த கைகள் எழுதிய மூன்று வரி இந்தக் குவியலில் ஒன்றுகூட இல்லை. 'உன்னைப் பார்' என்கிற அழைப்பே சொம்புள்ளவர்களைப் பார்த்து மட்டும் விடுக்கப்படுகிறதா? தினமும் பிறரால் பார்க்கப்பட்டே சலித்தவருக்கு முதலில் வேண்டியது தன்னைப் பார்ப்பதா, திருப்பிப் பார்ப்பதா?