பைத்தியம், வேலை, பங்கு

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்கிறார்கள். சிக்கல் இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. மூலத்தில் அந்தச் சொல் பிழைப்புக்கான வேலையை மட்டும் குறிப்பதில்லை. குளிப்பது, சமைப்பது, பஸ் ஏறிப் போய்வருவது, சில்லறையை எண்ணி வாங்குவது என ஒரு மனித உயிர் தன் பொழுதை எவற்றால் நிரப்புகிறதோ அவை அத்தனையையும் குறிக்கிறது. ‘தொழில்’ என்பது நம்மிடம் வேறு. எங்க வீராம்பட்டினத்துல ‘தொழிலுக்குப் போறது’ன்னா கடலுக்குப் போறது, அவ்வளவுதான். கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் தொழில் என்பது சாதி. ராஜாஜி 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ எனப் பெயரிட்டு எதிர்த்து வீழ்த்திய சமூகம் இது. இங்கே மனநோயாளி ஒருவரின் கையில் வேலையைக் கொடுத்து ‘இதுதான் மருந்து’ என்று சொல்லப்படுகிறபோது, அது என்ன வேலை, அதைத் தேர்ந்தெடுத்தது யார், கூலி யாருக்குப் போகிறது என்றெல்லாம் கேட்டாக வேண்டும்.

1796இல் யார்க் நகரில் டியூக் குடும்பத்தினர் திறந்த காப்பகம் சங்கிலியைக் கழற்றி வேலையைக் கொடுத்தது. அந்த வேலை உற்பத்திக்கானதல்ல, ஒழுக்கத்தை உள்ளே இறக்குவதற்கானது என்று 1961இல் பூக்கோ எழுதினார். சிறுபத்திரிகை வாசகருக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் காலனிய இந்தியாவின் மனநோய் விடுதிகளில் நடந்தது இதோடு முடிவதில்லை. நெசவும் தோட்ட வேலையும் ‘சுதேசி’ நோயாளிகளுக்கு. விடுதிச் செலவை அவர்களின் உழைப்பிலிருந்தே ஈடுகட்டப் பார்த்தார்கள். ஐரோப்பிய நோயாளிக்கு உடலுழைப்பு பெரும்பாலும் கிடையாது. நோய் ஒன்றுதான், சிகிச்சைதான் நிறம் பார்த்தது.

இதைச் சொல்லிவிட்டு, ‘ஆகவே வேலை என்பதே அதிகாரத்தின் கருவி’ என்று கையை உதறிக்கொள்வது சுலபம். பைத்தியத்தைக் கலகத்தின் குறியீடாகக் கொண்டாடிய கட்டுரைகளை 90களில் நிறையப் படித்தாயிற்று. மாத்திரையின் விளைவாகக் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அந்தக் கட்டுரைகளில் ஒரு வரிகூட இல்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 1961லிருந்து 1978வரை கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் அங்கே தொழிற்கூடத்தை உருவாக்கினார். பின்பு 1984இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். பூட்டிய வார்டில் வருஷக்கணக்காகச் சுவரைப் பார்த்திருந்த ஒருவர் மாவு பிசைய எழுந்து நடப்பதைக் கோட்பாட்டின் பேரால் இகழ எனக்கு மனம் வராது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். வேலையும் தராமல் சிகிச்சையும் தராமல் கட்டிப்போடுவது என்கிற மூன்றாவது வழி நம் கண்ணெதிரே நடந்தது.

இந்த இடத்தில் பூக்கோவைவிட ஃபனான் உதவுகிறார். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனைக்கு வந்தவர், ஐரோப்பியப் பெண்கள் வார்டில் கூட்டம், விழா, பத்திரிகை, கைவேலை என்று நடத்திப் பலன் கண்டார். அதையே முஸ்லிம் ஆண்கள் வார்டில் செய்தபோது ஒன்றும் எடுபடவில்லை. கூடை முடையும் கூடத்துக்கு ஆள் வரவில்லை. ஏன் தோற்றோம் என்று 1954இல் தன் உதவி மருத்துவர் அசூலேயுடன் சேர்ந்து எழுதினார்: வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு வாழ்க்கையை இவர்கள்மேல் போர்த்தப் பார்த்தோம் என்பதே அதன் சாரம். பிறகு அங்கே காப்பிக்கடை வந்தது, கதைசொல்லி வந்தார், குடியானவர்கள் கைக்கு மண்வெட்டி வந்தது. (அந்த 1954 நவம்பர் 1இல்தான் அல்ஜீரியாவில் போர் வெடித்தது, அதே நாளில் புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. நம்ம பக்கம் வந்த பிரெஞ்சு மருத்துவத்தில் ஒரு ஃபனான் இல்லை.)

எங்கள் தெருவில் எனக்கு மாமன் முறையில் ஒருவர். இருபது வருஷம் கடலுக்குப் போனவர், பிறகு குரல்கள் கேட்கத் தொடங்கின. மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தபின் ஒரு பகல்நேர மையத்துக்கு அனுப்பினார்கள்.

“என்னா மாமா செஞ்சீங்க இன்னிக்கு?”

“கவர் ஒட்டுனேன். நேத்தும் கவருதான். யாரு வாங்குறான்னு தெரியல.”

நாலு மாசத்தில் போவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் கழித்து வலைக்கூடத்தின் ஓரமாக வந்து உட்கார்ந்தார். யாரோ ஊசியையும் நூலையும் கொடுத்தார்கள். கை நடுங்கியது, கண்ணி கோணியது. பக்கத்தில் இருந்தவர் பேசாமல் அதைப் பிரித்துக் கொடுத்தார். சில மாதங்களில் படகுக்காரர் அரைப் பங்கு கொடுக்க ஆரம்பித்தார். அதைவிடப் பெரிசு, நின்றுபோயிருந்த தலைக்கட்டு வரியை அவரிடம் ஊர் மறுபடி கேட்டது. “எங்கிட்ட வரி கேட்டாங்கடா” என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

இதை வைத்து ‘சமூகமே மருந்து’ என்று நான் எழுதப்போவதில்லை. அந்த அத்தையும் நானும் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் ஊசியோடு ஒரு மணி நேரம் போராடி, தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போன நாட்கள் உண்டு. ஒரு செயலைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தச் சிகிச்சையாளரின் படிப்பு. பிடி தடித்த ஊசி, முதலில் பெரிய கண்ணி, மாத்திரையின் மந்தம் தெளிந்த நேரம் என்று யோசித்துச் சொல்ல அப்படி ஒருவர் கூடத்துக்கு வந்திருந்தால் அந்த மாதங்கள் பாதியாகியிருக்கும். வலைக்கு வர வேண்டிய அறிவு கவர் ஒட்டும் மேசையிலேயே தங்கிவிட்டது.

கூலி விஷயம் இன்னும் கூர்மையானது. மனநலச் சிகிச்சைச் சட்டம் (2017) தன் 20ஆம் பிரிவில், மனநல நிறுவனத்தில் யாரையும் கட்டாயமாக வேலை வாங்கக்கூடாது, செய்த வேலைக்குத் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்கிறது. ‘பயிற்சி’ என்று பெயர் வைத்துவிட்டால் ஊதியம் ஊக்கத்தொகையாகச் சுருங்கிவிடும். வார்டைக் கூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் சிகிச்சைக் கணக்கில் ஏறிவிடும். இத்தாலியின் திரியெஸ்தேயில் 1970களின் தொடக்கத்தில் பஸாலியாவும் தோழர்களும் இந்தக் கணக்கைத்தான் உடைத்தார்கள். சிகிச்சை என்ற பெயரில் சம்பளமில்லாமல் மருத்துவமனையைத் துப்புரவு செய்துவந்தவர்கள் கூட்டுறவுச் சங்கமானார்கள். அதே வேலைக்குக் கூலியும் ஒப்பந்தமும் பெற்றார்கள். துடைப்பம் மாறவில்லை, அதைப் பிடித்தவர் தொழிலாளி ஆனார்.

இவ்வளவும் ஆண்களைப் பற்றி. ஊர்க்கூட்டமும் வரியும் பங்கும் ஆண்களுடையவை. பெண்ணுக்கு மனம் பிசகினால் ‘இப்ப சோறாக்குறாளா?’ என்பதுதான் குணமானதற்கான சோதனை. நிறுவனங்களிலும் அவளுக்குக் கிடைக்கும் ‘பயிற்சி’ பெரும்பாலும் அடுப்படிதான். எந்த வேலை அவளை நசுக்கியதோ அதே வேலைக்குத் திரும்புவது அவளுக்கு ‘மறுவாழ்வு’ என்று பதிவாகிறது. மாமன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலமெல்லாம் கூடை சுமந்து மீன் விற்றது அத்தைதான். போன வருஷத்திலிருந்து அவங்களுக்கும் தூக்கமில்லை, கதவைப் பூட்டிவிட்டுத் தனக்குத்தானே பேசுறாங்க. வலைக்கூடத்தில் அவங்க உட்கார இடமில்லை.