உரோமரின் நேர்த்திப் படிமங்கள்

பண்டை உரோமரும் அவர்தம் இத்தாலிய அயலவரும் தெய்வங்கட்கு நேர்ந்தளித்த சிறு வெண்கலப் படிமங்களைக் கலைவரலாற்றாசிரியர் பலர் கிரேக்கப் பெருஞ்சிற்பங்களின் குறைப்பிரதிகளாகவே கருதிவந்தனர். தண்டாயுதத்தை ஓங்கி, சிங்கத்தோலை இடக்கையிலே தாங்கி நிற்கும் ஹெர்க்குலிஸ் உருவங்கள் மத்திய இத்தாலியிலே மிகப்பல கிடைத்துள்ளன. ஒன்றைப்போலவே மற்றொன்று, பலவற்றில் முகம் தெளிவற்றது, கைகால்கள் அளவொவ்வாதன. இவற்றை இகழ்ந்தோர் சிற்பியின் அளவுகோலையே கையிற் கொண்டனர்.

இக்காலத்தாரோ மறுபுறஞ் சாய்கின்றனர். வொல்தேரா நகர நூதனசாலையில் உள்ள, எத்துருஸ்கர் வார்த்த, ஏறத்தாழ 57 சதமமீற்றர் உயரமான மெலிந்து நீண்ட உருவத்தை இருபதாம் நூற்றாண்டுச் சிற்பி ஜக்கோமெத்தியின் படைப்புக்களோடு ஒப்பிட்டு வியக்கின்றனர். இகழ்ச்சி புகழ்ச்சியாக மாறியதேயன்றி அளவுகோல் மாறிற்றில்லை.

உரோமரிடத்து நேர்த்தி என்பது ஓர் ஒப்பந்தம். நோய் தீர்ந்தால், கப்பல் கரைசேர்ந்தால் இன்னது தருவேன் என வாக்களித்தவன், வேண்டியது கிட்டியதும் அக்கடனைச் செலுத்தியாகல் வேண்டும். நேர்ந்ததை மனமுவந்து, தெய்வத்தின் தகுதிக்கேற்பச் செலுத்தினான் எனும் பொருளுடைய இலத்தீன் வாய்பாடு, நான்கே எழுத்துக்களாகச் சுருக்கிப் பொறிக்கப்படும் அளவுக்குப் பழகிப்போயிற்று. பற்றுச்சீட்டிலே எழுத்தழகை யார் தேடுவர்?

செலுத்திய பொருள் தெய்வத்தின் உடைமை. ஆதலின், கோயில் நிறைந்தபோது அவற்றை வெளியே எறியாது வளவினுள்ளேயே குழிதோண்டிப் புதைத்தனர். தஸ்கனியிலுள்ள சான் காசியானோ வெந்நீரூற்றுக் கோயிலிலோ காணிக்கைகள் நீருக்குள்ளேயே இடப்பட்டன. 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அகழ்விலே இருபதுக்கு மேற்பட்ட வெண்கலப் படிமங்களும், காது, கால் முதலிய உறுப்புருவங்களும், ஏறத்தாழ 5000 நாணயங்களும் சேற்றினின்று வெளிப்பட்டன. படிமங்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. எத்துருஸ்க, இலத்தீன் பொறிப்புக்கள் இரண்டுமே அங்குள.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. நீருள் மறையவிருந்த இப்படிமங்களுட் சில, எந்த மாளிகை முற்றத்துக்கும் ஏற்ற நுண்ணிய வேலைப்பாடுடையன. காண்பாரில்லா இடத்துக்கு இத்துணைச் செலவு எதற்கு? அவ்வாய்பாட்டின் ‘தகுதிக்கேற்ப’ எனும் சொல்லே இதற்கு விடையாகும். கைவண்ணம் காண்பார்க்கன்று, கொடையின் ஒரு பகுதியாகத் தெய்வத்துக்கே உரியதாயிற்று. வறியவன் விரலளவு உருவத்தாலும் செல்வன் தேர்ந்த கம்மியனின் திறத்தாலும் அதே கடனைத் தீர்த்தனர். இவ்விரண்டையும் ஒரே கண்ணாடிப் பேழையுள் வைத்து, ஒன்றைச் ‘சிறந்தது’ என்றும் மற்றதைச் ‘செப்பமற்றது’ என்றும் எழுதும் நூதனசாலைச் சீட்டு, கொடுத்தவன் யார், யாது வேண்டிக் கொடுத்தான் என்பதைத் தெரிந்தவிடத்து முதலில் எழுதுதல் வேண்டும்.