கைப்பக்குவம் என்றொரு சொல்

குறுந்தொகையின் 167ஆம் பாடலில், தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையோடே, தாளிப்புப் புகை கண்ணை மறைக்க அவள் சமைக்கிறாள். அவன் இனிதென்று உண்கிறான்; அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவள் எங்கே கற்றாள், எப்போது உண்டாள்? பாடல் சொல்லவில்லை. இல்லறத்தின் இனிமை என்றே வகுப்பில் நடத்திவிட்டுப் போகிறோம்.

கற்றதை இயல்பாக்கிக் காட்டும் இந்தப் பார்வைதான் ‘கைப்பக்குவம்’ என்ற பாராட்டிலும் இருக்கிறது. பெண்ணின் கையிலேயே இருப்பதைப் பையனுக்கு எதற்குப் பாடமாக வைக்க வேண்டும்? நம் மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் எடுக்கும் விருப்பப் பாடம். ஜப்பானில் அதை 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப் பள்ளியிலும் இருபாலருக்கும் கட்டாயமாக்கினார்கள்.

பக்குவம் சொல்லித்தராத விஷயங்களும் உண்டு. சோறு வெந்த பிறகும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் பிழைத்திருக்கும். மணிக்கணக்கில் வெளியே வைத்த சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கலாம். (நீரூற்றிப் புளிக்கவைக்கும் பழையதைச் சொல்லவில்லை.) வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, மணத்திலும் ருசியிலும் பிடிபடாமல் போகலாம். மதியம் வடித்ததை, கொட்ட மனமில்லாமல், எல்லோரும் உண்டபின் இரவு பத்து மணிக்குப் போட்டுக்கொள்பவள் பெரும்பாலும் வடித்தவளேதான்.