மறைந்திருந்து எய்பவன்: ஸ்கைரிம் வில்லாளி மீது ஒரு விசாரணை

ஹெல்கன் கோட்டைக்கு அடியிலுள்ள குகையில் ஒரு கரடி தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்கைரிம் ஆடத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தலை வெட்டப்படக் காத்திருந்த கைதி நீங்கள். டிராகன் வந்து ஊரையே கொளுத்திய குழப்பத்தில் தப்பி, சுரங்க வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறீர்கள். உடன் வருபவர் ராலோஃபோ ஹாட்வாரோ, கரடியைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு இரண்டு வழி சொல்வார். பதுங்கி ஓரமாகப் போய்விடலாம். இல்லையென்றால் இந்த வில்லை வாங்கிக்கொண்டு, அது அசந்திருக்கும்போதே எய்யலாம்.

பதுங்கு, எய், எதிரி அசந்திருக்கட்டும். அடுத்த நூறு மணி நேரத்துக்கான பாடம் முழுவதும் அந்த ஒரு கரடியிடமே முடிந்துவிடுகிறது.

பெதெஸ்டா நிறுவனம் டாட் ஹோவர்டின் இயக்கத்தில் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்' விளையாட்டைப் பற்றி ஆடுகிறவர்களிடையே ஒரு பழைய கேலி உண்டு. மந்திரவாதியாகத் தொடங்கினாலும், இரட்டைக்கை மழுவோடு தொடங்கினாலும், இருபதாவது லெவலுக்குள் எல்லோரும் இருட்டில் குந்தி அம்பு விடும் ஆளாகவே மாறிவிடுகிறார்கள் என்பதுதான் அது. ஸ்டெல்த் ஆர்ச்சர் என்று பெயர் வைத்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே அறைக்குத்தான் வந்து சேருகிறோம் என்றால், அந்த வீட்டைக் கட்டிய விதத்தைக் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும். இந்த வில்லாளி கைக்கு எப்படி, கணக்குக்கு எப்படி, கதைக்கு எப்படி என்ற மூன்று கேள்விகளோடு பார்க்கலாம்.

கையிலிருந்து தொடங்குவோம். அங்கே குறை சொல்ல அதிகம் இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாண் இழுபடும். பாதி இழுத்து விட்டால் அம்பு சோர்ந்து விழும், காயமும் குறையும். முழுதாக இழுத்துக் காத்திருக்கத் தெரிய வேண்டும். சாதாரண லாங் வில் சட்டென்று இழுபடும். டேய்ட்ரிக் வில்லை இழுக்க அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஈகிள் ஐ என்ற பெர்க் (சிறப்புத் திறன்) எடுத்தால் பார்வை நெருங்கி வரும், அதற்கு ஸ்டாமினா கரையும். அதன்மேல் ஸ்டெடி ஹேண்ட் எடுத்தால் அந்தக் கணத்தில் காலம் மெதுவாகும்: முதல் படியில் 25 சதவீதம், இரண்டாம் படியில் 50. இழுப்பது, குறிபார்ப்பது, விடுவது ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரு மூச்சு நிற்கிறது. இந்த விளையாட்டின் வாள்வீச்சு காற்றில் துடைப்பம் வீசுவதுபோல் இருக்கும். வில் ஒன்றுதான் ஆயுதம் ஏந்திய உணர்வைத் தருகிறது.

அடுத்தது கணக்கு. ஹன்டிங் வில்லின் அடிப்படைக் காயம் 7, இரும்பு அம்புக்கு 8, மொத்தம் 15. ஸ்கில் நிலை, பெர்க், மெருகேற்றல் எதையும் கூட்டாத எண் இது. பதுங்கி நின்று, எதிரி உங்களைப் பார்க்காத நிலையில் எய்தால் இது இரண்டு மடங்காகி 30. ஸ்னீக் ஸ்கில் 40 வந்ததும் டெட்லி எய்ம் எடுத்தால் மூன்று மடங்காகி 45. அதை எட்டச் செலவாவது மூன்றே பெர்க் புள்ளிகள்: ஸ்டெல்த் முதல் படி, பேக்ஸ்டாப், டெட்லி எய்ம். கடைசிக் காலத்து டேய்ட்ரிக் வில்லையும் (19) டேய்ட்ரிக் அம்பையும் (24) எடுத்துக்கொண்டால் அடிப்படை 43, மும்மடங்கில் 129. இதன்மேல் ஓவர்டிரா ஐந்து படிகளும் ஏறினால் வில்லின் காயம் இரட்டிப்பாகும். அதற்குமேல் எழுந்து நிற்கும் எதிரிகள் மிகக் குறைவு.

எண்ணை மட்டும் பார்த்தால் கத்தி இதைவிடப் பெரியது. அசாஸின்ஸ் பிளேடு எடுத்தவரின் குத்துவாள், பதுங்கித் தாக்கும்போது பதினைந்து மடங்கு காயம் தரும். பதினைந்தின் முன் மூன்று எம்மாத்திரம்? ஆனால் அந்தப் பதினைந்தைப் பெற நீங்கள் எதிரியின் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரம்வரை ஊர்ந்து போக வேண்டும். காலடி கேட்கலாம், அவன் திரும்பலாம், பக்கத்தில் இருப்பவன் பார்க்கலாம். அந்தப் பெருக்கத்துக்கு உயிரைப் பணயம் வைக்கிறீர்கள். வில்லின் மூன்று மடங்குக்கு எந்தப் பணயமும் இல்லை. தவறினால் இன்னோர் அம்பு, அதுவும் தவறினால் மற்றொன்று. குறை பெருக்கத்தின் அளவில் இல்லை, அது இலவசமாகக் கிடைப்பதில் இருக்கிறது.

அம்புக்காவது பஞ்சம் உண்டா என்றால் அதுவும் இல்லை. சாதாரண ஆட்டத்தில் அம்புக்கு எடையே கிடையாது. ஆயிரம் அம்பைச் சுமந்துகொண்டு மலையேறலாம். 2012-இல் வந்த டான்கார்ட் விரிவாக்கத்துக்குப் பிறகு, உலைக்களத்தில் ஒரு கட்டி உலோகமும் ஒரு விறகும் கொடுத்தால் 24 அம்புகள். பயிற்சிக்கும் காசு போகாது. ரிவர்வுட் ஊரில் ஃபேன்டால் என்ற வில்லாளி இருக்கிறார். காதல் போட்டி ஒன்றில் அவர் பக்கம் நின்று உதவினால் கூடவே துணையாக வருவார். அவருக்குப் பணம் கொடுத்து வில் பயிலலாம். பிறகு துணைவர் என்ற உரிமையில் அவர் மூட்டையைத் திறந்து, கொடுத்த பணத்தை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு லெவலுக்கு ஐந்து முறை, ஸ்கில் 50 வரை. குருதட்சிணையைக் குருவின் மடியிலிருந்தே உருவும் சீடன் வேறெந்தக் கதையில் உண்டு?

எல்லோரும் இங்கே வந்து சேருவதற்குக் காரணம் இன்னும் அடியில் இருக்கிறது. 2006-இல் வந்த முந்தைய பாகமான ஆப்ளிவியனில், தொடக்கத்திலேயே ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கைரிம் அதைத் தூக்கி எறிந்தது. எதைச் செய்கிறீர்களோ அதில் வளர்வீர்கள் என்றது. கேட்க நியாயமான விதிதான். ஆனால் டிராகன்கள் பறக்கின்றன. அவற்றைத் தரையிறக்கும் டிராகன்ரெண்ட் முழக்கம் முதன்மைக் கதையில் வெகுதூரம் போன பிறகே கிடைக்கும். அதுவரை வாள்வீரனும் தோளில் ஒரு வில்லை மாட்டியாக வேண்டும். எய்தால் ஸ்கில் ஏறும். ஏறினால் லெவல் வரும், லெவல் வந்தால் பெர்க் புள்ளி வரும். ஏறியிருக்கிற ஸ்கில்லில் புள்ளியைப் போடாமல் யார் விடுவார்? தேர்வு உங்களுடையது என்று சொல்லிவிட்டுத் தரையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். உருண்டு போவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

கதைக்கு எப்படி என்ற மூன்றாவது கேள்விக்கு, பிளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய கல்லறையின் முதல் கூடத்துக்குப் போவோம். இடிந்த தூண்களுக்கு நடுவே நெருப்பு மூட்டிக்கொண்டு இரண்டு கொள்ளையர் பேசிக்கொண்டிருப்பார்கள். வாசல் இருட்டிலேயே குந்தி ஒருவன் மீது எய்கிறீர்கள். அவன் சாய்கிறான். மற்றவன் ஆயுதத்தை உருவிக்கொண்டு ஓடி வருகிறான். நீங்கள் இரண்டு அடி பின்வாங்கித் தூணுக்குப் பின்னால் அசையாமல் இருக்கிறீர்கள். அவன் அங்குமிங்கும் தேடுகிறான். நண்பனின் பிணம் காலடியில் கிடக்கிறது. சற்று நேரத்தில், ஏதோ சத்தம், ஒன்றுமில்லை என்பதுபோல் முனகிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்புகிறான். அவன் தோளிலேயே உங்கள் அம்பு ஒன்று தைத்திருந்தாலும் இதேதான் நடக்கும். இரண்டாவது அம்புக்கும் அதே மூன்று மடங்கு.

வில்லாளி பாத்திரம் உடையும் இடம் இதுதான். உங்கள் பாத்திரம் கெட்டிக்காரத்தனத்தால் வெல்லவில்லை, எதிரியின் மறதியால் வெல்கிறது. இருநூறாவது கொள்ளையனும் முதல் கொள்ளையனைப் போலவே சாகிறான். நகரத்தில் நீங்கள் எய்ததைப் பார்த்தவர் எவரும் இல்லையென்றால், தலைக்கு விலையும் இல்லை.

தமிழில் வாசித்துப் பழகியவருக்கு இந்த இடத்தில் வாலி நினைவுக்கு வராமல் போகமாட்டான். மறைந்து நின்று எய்த அந்த ஓர் அம்புக்காகக் கம்பன் விழுந்தவனை எழுப்பிக் கேள்வி கேட்க வைக்கிறான். மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கி, அதில் பொறித்த பெயரைப் படித்துவிட்டுத்தான் வாலி வாதாடுகிறான். எய்தவன் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் போதுமா என்று பட்டிமன்றங்களில் இன்றும் தீராமல் பேசுகிறோம். ஸ்கைரிமில் எந்த அம்பிலும் பெயர் இல்லை. விழுந்தவன் எவனும் கேட்பதில்லை. மறைந்து எய்வதை ஒரு விளையாட்டு அனுமதிப்பதில் தவறு காண மாட்டேன். அதற்கு ஒரு கேள்விகூட வைத்திருக்கவில்லை என்பதே என் புகார்.

மறுப்புகள் எழும். முதலாவது, பிடிக்காவிட்டால் பதுங்காமல் ஆடலாமே என்பது. ஆடலாம், கடைசியில் நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் ஆடுபவர் தன் கையைத் தானே கட்டிக்கொண்டால்தான் பாத்திரம் பிழைக்கும் என்றால், அந்தப் பெருமை ஆடுபவருக்கே போகும், விளையாட்டுக்குப் போகாது. இரண்டாவது, கடினத்தை ஏற்றினால் சவால் வந்துவிடும் என்பது. நேர்மாறாக நடக்கிறது. 2013-இல் சேர்த்த லெஜண்டரி நிலையில் நீங்கள் தரும் காயம் கால் பங்காகிறது, நீங்கள் வாங்கும் காயம் மும்மடங்காகிறது. எதிர்நின்று போரிடுபவன் மடிகிறான். மும்மடங்கோடு இருட்டில் இருப்பவன் மட்டுமே தாக்குப்பிடிக்கிறான். கடினத்தை ஏற்ற ஏற்ற அதே மூலைக்கு இன்னும் வேகமாகத் தள்ளப்படுகிறீர்கள்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது: எந்த விளையாட்டிலும் வில்லாளி வலிமையானவன்தானே, இதை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்துக்கொள்வோம். அங்கேயும் வில்லாளி உச்சத்தில் இருப்பவன்தான். க்ளூம் ஸ்டாக்கர் ரேஞ்சருக்கு முதல் சுற்றில் கூடுதலாக ஒரு தாக்குதல் கிடைக்கிறது. சாதாரண அம்பு தீர்வதே இல்லை. ஆனால் ஷார்ப்ஷூட்டர் எடுத்தவர் ஒவ்வொரு அம்பிலும் பேரம் பேச வேண்டும்: காயம் 10 கூடும், குறி படுகிறதா என்று உருட்டும் பகடையில் 5 குறையும். மேட்டில் நின்றால் பகடையில் 2 கூடும், ஷார்ப்ஷூட்டர் எடுக்காதவர் பள்ளத்தில் நின்றால் 2 குறையும். எதிரி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் இரண்டு பகடை உருட்டிச் சிறியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே நிற்பது, எப்போது விலகுவது, எந்த அம்பில் துணிவது என்று அங்கே தூரம் ஒரு சொத்து. அதைக் காக்க நீங்கள் உழைக்கிறீர்கள். ஸ்கைரிமில் தூரம் தானம். இருவரும் வலியவர்களே. ஒருவன் முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறான். மற்றவன் முதல் முடிவை ஆயிரம் முறை திரும்பச் செய்கிறான்.

அப்படியானால் ஸ்கைரிமில் வில்லாளியை எப்படித்தான் கட்டுவது? போஸ்மர் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். வில் ஸ்கில் 25-இல் தொடங்கும். ஸ்னீக் மரத்தில் ஒரு புள்ளியும் போடாதீர்கள். வில் மரத்திலேயே, பதுங்கும் ஆசாமிகள் பெரும்பாலும் சீண்டாமல் விடும் கிளைகள் சில இருக்கின்றன. பவர் ஷாட் பாதிக்குப் பாதி எதிரியைத் தடுமாற வைக்கும். ரேஞ்சர் எடுத்தால் நாண் இழுத்தபடியே வேகமாக நகரலாம். குயிக் ஷாட் இழுப்பதை 30 சதவீதம் வேகமாக்கும். ஹன்டர்ஸ் டிசிப்ளின் பிணத்திலிருந்து இரண்டு மடங்கு அம்பை மீட்டுத் தரும். 2017-இல் வந்த சர்வைவல் நிலையில் அம்புக்கும் எடை உண்டு என்பதால், அங்கேதான் இதன் அருமை தெரியும். கனமான டேய்ட்ரிக் வில்லை விட்டுச் சட்டென இழுபடும் வில்லைப் பிடியுங்கள். லெவல் ஏறும்போது ஹெல்த்துக்குச் சமமாக ஸ்டாமினாவிலும் போடுங்கள். இப்போது அதே கொள்ளையன் ஓடி வருவான். நீங்கள் பின்வாங்கிக்கொண்டே எய்வீர்கள், அவன் தடுமாறுவான், நீங்கள் திரும்பி ஓடி ஒரு பாறை மேல் ஏறுவீர்கள். கை வியர்க்கும். சில நேரம் சாவீர்கள். விளையாட்டு இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த வில்லாளி இவன்தான்.

தீர்ப்பு இது. கைக்கு ஸ்கைரிமின் வில் முதல்தரம். அந்த விளையாட்டின் போர்முறையில் உருப்படியாகச் செதுக்கப்பட்ட ஒரே ஆயுதம் என்றுகூடச் சொல்வேன். கணக்குக்கு அது தோல்வி: விலை கேட்காத வலிமை மற்ற எல்லா வழிகளையும் விழுங்கிவிடுகிறது. கதைக்கு, எல்லோரும் போய் முடியும் அந்த மறைந்த வில்லாளி ஒரு பாத்திரமே இல்லை; எதிரிகளுக்கு நினைவு வைக்காததால் உண்டான ஓட்டை. பழியை வில் மீது போடக்கூடாது. ஸ்டெல்த், பேக்ஸ்டாப், டெட்லி எய்ம் ஆகிய மூன்று புள்ளிகள்தான் அந்த ஓட்டைக்கும் வில்லாளிக்கும் நடுவே இருக்கின்றன. அடுத்த முறை ஹெல்கன் குகைக்குள் அந்தக் கரடி முன் நிற்கும்போது, குந்தாமல் நேராக நின்று எய்து பாருங்கள். அது எழுந்து வரட்டும்.