அச்சடிக்க மாட்டோம் என்றொரு சத்தியம்
சேகரிப்புச் சீட்டு விளையாட்டின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

சீட்டு விளையாட்டைப் பற்றியெல்லாமா எழுதுவது என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். உழைப்பு நேரத்தை மூலதனம் எப்படித் தின்கிறது என்று நிறையவே பேசியிருக்கிறோம். ஓய்வு நேரத்தை, விளையாட்டை அது எப்படி ஆள்கிறது என்பது பற்றி நம் பக்கங்களில் பேச்சே இல்லை.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து தொடங்குவோம். ஆங்கிலேயன் வாயில் 'சட்ராஸ்' ஆகிப்போன ஊர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நிழலில் ஒரு டச்சுக் கோட்டை சிதைந்து நிற்கிறது. உள்ளே செதுக்கு வேலைப்பாடு கொண்ட கல்லறைகள். கோட்டைக்காரனான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே மஸ்லின் துணி வாங்கி ஏற்றுமதி செய்தது. அதே கம்பெனி பதினேழாம் நூற்றாண்டில் மலுக்குத் தீவுகளில், அம்பானுக்கு வெளியே இருந்த கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தது. மரத்துக்கு நோய் ஒன்றும் இல்லை. கிராம்பு பெருகினால் விலை விழும், அவ்வளவுதான். பற்றாக்குறையும் உற்பத்தி செய்யப்படும் ஒரு சரக்கு என்பதைக் கம்பெனிகள் அன்றே கற்றுக்கொண்டுவிட்டன.

2

இப்போது சீட்டுக்கு வருவோம். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் வடிவமைத்து, விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்டது 'மேஜிக்: தி கேதரிங்'. நம்மூர்ச் சீட்டுக்கட்டில் 52 சீட்டும் எல்லாருக்கும் பொது. இதில் அவரவர் கட்டை அவரவர் வாங்கிச் சேர்க்க வேண்டும். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கும் என்று பிரிக்கும்வரை தெரியாது. தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்பட்ட லாட்டரிச் சீட்டு ஞாபகம் வருகிறதல்லவா? லாட்டரிச் சீட்டு விழாவிட்டால் குப்பை. இதில் குப்பையையும் வைத்து விளையாடலாம், மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் யாரும் இதைச் சூதாட்டம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

1995இல் 'க்ரானிகிள்ஸ்' என்ற பெயரில் பழைய அரிய சீட்டுகளைக் கம்பெனி மறுபதிப்புச் செய்தது. விலை சரிந்தது. சேகரிப்பாளர்களும் கடைக்காரர்களும் கொதித்தார்கள். 1996இல் கம்பெனி ஒரு பட்டியலை வெளியிட்டு, இதிலுள்ள சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சிட மாட்டோம் என்று சத்தியம் செய்தது. 'ரிசர்வ்ட் லிஸ்ட்' என்று அதற்குப் பெயர். 2021இல் அந்தப் பட்டியலின் 'பிளாக் லோட்டஸ்' சீட்டுப் பிரதி ஒன்று ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்றார் வால்டர் பெஞ்சமின். இங்கே நடப்பது தலைகீழ். மூலப்படைப்பு என்று எதுவும் கிடையாது. முதல் சீட்டே இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த பிரதிதான். இயந்திரத்தை நிறுத்தி வைப்பதாகக் கொடுத்த வாக்கே ஒளிவட்டமாகிறது. அட்டையின் பயன் மதிப்பு (அதை வைத்து விளையாடுவது) செத்து, பரிமாற்ற மதிப்பு பிளாஸ்டிக் உறைக்குள் பூஜை வாங்கிக்கொள்கிறது.

அந்த வாக்கின் லட்சணத்தையும் பார்த்தோம். 2022இல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று 999 டாலருக்கு 4 பாக்கெட், மொத்தம் 60 சீட்டு விற்றார்கள். பிளாக் லோட்டஸ் அதில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சீட்டின் பின்பக்கம் வேறு என்பதால் போட்டியில் செல்லாது. ஆகவே சத்தியம் மீறப்படவில்லையாம்! காசில்லாத பையன் ஜெராக்ஸ் எடுத்து ஆடினால் போலி. கம்பெனியே போலி அடித்து விற்றால் அது ஆண்டு விழா.

3

சீட்டு இருந்தால் மட்டும் விளையாட்டு நடந்துவிடாது. எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதும் ஒரு கேள்வி.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சுவரெல்லாம் கட்டம் வரைந்தோம். அந்தச் சதுரங்கம் இருவர் ஆடுவது. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, தாயக்கட்டை உருட்டி நான்கு பேர் ஆடிய சதுரங்கம் ஒன்றை விவரிக்கிறார். ஆளுக்கு எட்டுக் காய். எந்தக் காய் நகர வேண்டும் என்பதைத் தாயம் சொல்லும். இருவர் ஆட்டத்தில் எதிரி யார் என்பது முன்பே முடிவான விஷயம். நான்கு பேர் உட்கார்ந்தால் எதிரி யார் என்பதே ஆட்டத்தின் பிரச்சினையாகிவிடுகிறது. கூட்டணி, பேரம், துரோகம் எல்லாம் வந்துவிடும். அரசியல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேஜிக்கிலும் இது நடந்தது. 1990களில் அலாஸ்காவில் சில ஆட்டக்காரர்கள் தாங்களே விதி எழுதிய ஆட்டம் பிறகு 'கமாண்டர்' என்று பரவியது. வழக்கமான ஆட்டத்தில் 60 சீட்டு, 20 உயிர்ப்புள்ளி, ஒரே சீட்டு நான்கு பிரதிவரை. கமாண்டரில் 100 சீட்டு, 40 புள்ளி. அடிப்படை நிலச் சீட்டு தவிர எதிலும் இரண்டாவது பிரதி கூடாது. நான்கு பிரதி வாங்க வக்கில்லாதவனுக்கும் அங்கே இடம் உண்டு. ஒருவன் ரொம்ப வலுத்துப்போனால் மற்ற மூவரும் சேர்ந்து அவனை இறக்குவார்கள். இது விதிப்புத்தகத்தில் இல்லை, மேசையின் வழக்கம்.

2011இல் கம்பெனி இதற்கென்றே கட்டுகளை அச்சிட்டு விற்கத் தொடங்கியது. விதிகளின் மொழியும் மாறியது. 'ஒவ்வொரு எதிராளியும் ஒரு புள்ளி இழக்கட்டும்' என்றால் இருவர் ஆட்டத்தில் ஒன்று, நால்வர் ஆட்டத்தில் மூன்று. வாக்கெடுப்புச் சீட்டுகள் வந்தன. 2016இல் 'மன்னர்' வந்தார்: கிரீடம் வைத்திருப்பவருக்குத் தன் முறை முடிவில் ஒரு சீட்டு கூடுதல், அவரை அடித்துவிட்டால் கிரீடம் அடித்தவருக்கு. இவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். அதிகாரம் கைமாறிக்கொண்டே இருக்கும் இந்த ஏற்பாடு நல்ல கற்பனை. மேசையில் தானாக நடந்ததைப் பார்த்துத்தான் அதைச் சரக்காக்க முடிந்தது என்பதை மறக்க வேண்டாம்.

4

முரண்பாடு இங்கேதான். கமாண்டர் ஏறக்குறைய எல்லாப் பழைய சீட்டுகளையும் அனுமதிக்கிறது. ஏழைக்கு இடம் கொடுத்த ஆட்டமே, அச்சடிக்க மாட்டோம் என்ற பட்டியலின் விலையை ஏற்றிவிடும் சந்தையும் ஆனது.

2024 செப்டம்பர் 23 அன்று, அதுவரை கமாண்டர் விதிகளைக் கவனித்துவந்த தன்னார்வக் குழு நான்கு சீட்டுகளைத் தடை செய்தது. அதில் ஒன்று 'ஜுவல்ட் லோட்டஸ்'. இந்த ஆட்டத்துக்கென்றே 2020இல் கம்பெனி அச்சிட்டது; வேறெங்கும் உருப்படியாக உதவாது. பெருங்காசு கொடுத்து வாங்கியவர்கள் குழுவினரை மிரட்டினார்கள். ஒரு வாரத்தில் குழு விதிகளைக் கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டது. முப்பதாண்டுக்கு அருகே ஆட்டக்காரர்கள் வைத்திருந்த தன்னாட்சி போயிற்று. அதைப் பறிக்கக் கம்பெனி விரலை அசைக்கவில்லை. முதலீட்டாளனாகிப்போன ஆட்டக்காரனே வேலையை முடித்துக் கொடுத்தான்.

5

அப்படியானால் எல்லாவற்றையும் மறுபதிப்புச் செய்யச் சொல்வதா? விஷயம் அத்தனை எளிதில்லை. சேர்த்துவைத்த சீட்டை நம்பியிருக்கும் சின்னக் கடைக்காரர் அடிபடுவார். தவிர, கம்பெனி தாராளமாக மறுபதிப்புச் செய்யும்போதும் அது ஜனநாயகம் ஆகாது. 2022இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஆய்வாளர்கள், ஹாஸ்ப்ரோ (1999 முதல் உரிமையாளர்) சீட்டுகளை அளவுக்கு மீறி அச்சடிக்கிறது என்று பங்கின் தரமதிப்பீட்டைக் குறைத்தார்கள். குறைவாக அச்சிட்டாலும் லாபம், அதிகமாக அச்சிட்டாலும் லாபம். அளவைத் தீர்மானிப்பவன் யார் என்பதுதான் நம் கேள்வி.

இதற்கு நம்மிடம் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. முதல் பதிப்பு வைத்திருந்தவர் ஏதும் இழந்துவிடவில்லை; அவரிடம் இருப்பது இன்றும் முதல் பதிப்புதான். பாட்டு மட்டும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. சேகரிப்பவனின் பொருளையும் படிப்பவனின் உரிமையையும் பிரித்துவைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம்ம பசங்க தீப்பெட்டிப் படம் வைத்து ஆடினார்களே, அதில் எந்தப் படம் எத்தனை படத்துக்குச் சமம் என்று தெருவே முடிவு செய்தது. சிவகாசிக்காரர் கேட்கவில்லை. விளையாட்டின் விதியும் சீட்டின் மதிப்பும் ஆடுகிறவர்கள் கையில் இருந்தன. ஜெராக்ஸ் சீட்டை ஏற்றுக்கொள்கிற மேசைகள் இன்று உலகெங்கும் இருக்கின்றன. கம்பெனி நடத்தும் போட்டியில் அவை செல்லாது. நண்பர்கள் நடுவில் செல்லும். ஒருவன் வலுத்துவிட்டால் மூவர் சேர்வது என்ற மேசை வழக்கத்தை, மேசையில் உட்காராமலே எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்கிற அந்த ஐந்தாமவனுக்கு எதிராகவும் பயன்படுத்த முடியுமா என்பதை இனி ஆட்டக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். ஜெராக்ஸிலும் ரோனியோவிலும் பத்திரிகை நடத்திய பரம்பரை நமக்கு உண்டு. அவர்கள் பக்கம் நிற்க நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.