மாயாவிக்கு வேட்டி கட்டினால் போதுமா?

தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடைப் பலகையில் எழுத்து மாறும், பேச்சு மாறாது. இப்படி இரண்டு மொழியில் வளர்கிற பிள்ளை தனக்கென்று ஒரு காமிக்ஸ் நாயகனை வரைந்து உங்களிடம் நீட்டினால், உடையைப் பார்த்ததும் பாராட்டிவிடாதீர்கள்.

1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியபோது நாயகன் பேசியது தமிழ், முகம் இங்கிலாந்துக்காரருடையது. 2004இல் ஜீவன் காங் வரைந்த இந்திய ஸ்பைடர்மேன், பவித்ர் பிரபாகர், வேட்டி கட்டி வந்தார். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அமெரிக்க மூலக் கதையின் பென்னுக்குப் பதில் பீம், மேரி ஜேனுக்குப் பதில் மீரா ஜெயின். நியூயார்க் கதையின் தடத்திலேயே மும்பைப் பையன் நடந்தான்.

2021இல் வந்த 'மின்னல் முரளி' மலையாளப் படத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நாயகன் ஜெய்சன் ஊர்த் தையல்காரன். எதிரி ஷிபு டீக்கடையில் வேலை செய்பவன், ஊர் ஒதுக்கிவைத்தவன். அந்த வேடத்தில் நம் குரு சோமசுந்தரம் நடித்தார். இருவர் மீதும் ஒரே இரவில் மின்னல் விழுகிறது. அங்கே சக்தி மட்டும்தான் வானத்திலிருந்து வந்தது. கோபமும் ஏக்கமும் அந்த ஊருடையவை. என் ஓட்டு 'மின்னல் முரளி'க்கே.

அடுத்து, உடல்மொழி. இதற்குப் பாலக்காட்டிலேயே பாடம் இருக்கிறது. பகவதி கோயில் கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரிய, கம்பராமாயணம் பாடித் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். ஒரே பாத்திரத்துக்கு உட்கார்ந்த பாவை, நிற்கும் பாவை, நடக்கும் பாவை, சண்டையிடும் பாவை என்று தனித்தனியாக உண்டு. பழைய பாவையைக் கையில் வாங்கினால் மான் தோலில் உளியால் குத்திய பொடித் துளைகள் தெரியும். திரையில் அந்தத் துளைகள்தான் கிரீடம், மாலை, வாள். முகபாவத்தை நம்பாமல், கோட்டுருவத்தையும் ஒளியையும் வைத்தே இவர் ராமன், இவர் ராவணன் என்று காட்டிவிடுகிறார்கள்.

கையிலுள்ள ஓவியத்தையும் அப்படிச் சோதியுங்கள். நிறத்தை எல்லாம் மறந்து வெறும் நிழலாக நினைத்துப் பாருங்கள். அந்த நிற்பு நம் பக்கத்து ஆளுடையதா, அமெரிக்க அட்டைப்படத்திலிருந்து எடுத்ததா? தோல் கருப்பாக இருக்கலாம், பின்னணியில் பனைமரம் நிற்கலாம். மார்பைப் புடைத்து இடுப்பில் கை ஊன்றிய அந்தப் பழைய நிற்பு மாறாவிட்டால் ஓவியம் பாதி வழியில்தான் இருக்கிறது.

வரைந்த பிள்ளையிடம் குறை சொல்லாதீர்கள். "உன் நாயகன் பகலில் என்ன வேலை பார்க்கிறான்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லும்போதே அடுத்த படம் அந்தப் பிள்ளையின் மனசில் உருவாகத் தொடங்கிவிடும்.